‘விசர்’ அல்ல, ‘வைசர்’

ஆசிரியர் அவர்களுக்கு,

‘கீறல் விழுந்த விசரை உடனே மாற்றுங்கள்’ என்று உங்கள் வீதிப் பாதுகாப்புக் குறிப்பில் அச்சாகியிருந்தது. தமிழகப் பத்திரிகை என்றால் யாருக்கும் உறுத்தியிராது. இங்கே விசர் என்றால் பைத்தியம். விசர்நாய்க்கடிக்கு ஊசி போடும் நாட்டில் விசரை மாற்றச் சொன்னால் வாசகர் எந்த டொக்டரிடம் போவது?

தலைக்கவசத்தின் முன்னால் ஏறி இறங்கும் தெளிந்த தகடுதான் வைசர். ஆங்கிலத்தில் முதலசை ‘வை’ என்றே ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து ‘வி’ போட்டதால் வந்த வினை இது. நடுவில் இன்று எஸ் எழுதுவதே வழக்கம். இசட் போட்ட வடிவமும் அகராதிகளில் உண்டு, பொருளில் வித்தியாசமில்லை. தமிழில் ‘வைசர்’, ‘வைஸர்’ எதுவானாலும் சரி, ஒரே பக்கத்தில் இரண்டும் வேண்டாம். மூலம், முகத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ‘விஸ்’. (அப்போ ‘வி’ சரிதானே என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) போர்வீரரின் இரும்புத் தலைக்கவசத்திலும் பொட்டருகே ஆணியில் சுழன்று மேலே போகும் முகத்தகட்டுக்கு இதே பெயர்தான். நாடியை மறைக்கும் பகுதி வேறு.

கடையில் ‘ஹெல்மெட் கண்ணாடி’ என்று கேட்கிறோம். பேச்சுக்கு வசதி, ஆனால் அந்தப் பெயரை நம்பித்தான் பலர் தகட்டைக் கெடுக்கிறார்கள். அது பெரும்பாலும் பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக். நிலாவெளிப் பக்கம் ஓடிவந்தால் கடற்காற்றின் உப்பு அதில் காய்ந்து நிற்கும். யன்னல் கண்ணாடியைப்போலப் பழைய பேப்பரால், அது உங்கள் பேப்பரே ஆனாலும், உலரத் தேய்த்தால் கீறல்தான். இரவில் எதிரே லைட் பட்டதும் கீறெல்லாம் வெளிச்சமாகி வீதி மறைந்துவிடும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு உப்பைக் கரையவிடுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் சொட்டுச் சவர்க்காரம் கலந்து, அழுத்தாமல் கழுவுங்கள். பெற்றோல், தின்னர் கிட்டவும் வேண்டாம்: திருகாணி இறுகியிருக்கும் துளையைச் சுற்றித் தகடு ஏற்கெனவே இழுபட்டு நிற்பதால் மயிரிழை வெடிப்பு அங்கேதான் தொடங்கும், அடுத்த முறை இறுக்கும்போது பிளந்துவிடும்.

கறுப்பு வைசரைக் குறிப்பு தொடவேயில்லை. ஐ.நா.வின் பழைய 22.05 தலைக்கவச விதிப்படி வைசர் 80% ஒளியையாவது உள்ளே விடவேண்டியிருந்தது. அதற்குக் குறைந்து 50 முதல் 80 வரை என்றால் பகலுக்கு மட்டும் என்று தகட்டிலேயே பொறிக்க வேண்டியிருந்தது.

திருத்தம் போடும்போது படத்தையும் பாருங்கள். ‘விசர்’ என்ற அம்புக்குறி நாடிக்காப்பில் குத்தி நிற்கிறது.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை