முன் சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. டிராக்டரின் முன் சக்கரம் ஓடும்போது ஆடுகிறது என்றும், ஞாயிற்றுக்கிழமை கார் ஜாக்கியை வைத்துத் தூக்கி நீயே கழற்றிப் பார்க்கப் போவதாகவும் நேற்று தொலைபேசியில் சொன்னாய். பழைய வண்டியை வாங்கி நிழலில் நிறுத்தி அழகு பார்க்காமல், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நீ துடிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கார் ஜாக்கி என்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. பேச்சில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலையைத் தொடங்குமுன் இதை ஒருமுறை முழுவதும் படித்துவிடு.

உன்னிடம் இருப்பது ஃபெர்குசன் டிஇ20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்ட வண்டி; பார்க்கச் சிறியதாக இருந்தாலும் எடை 1,100 கிலோவுக்குக் குறையாது. காருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். இதற்குத் தனியாகச் சேஸிஸ், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சின் உறையும் ஒன்றோடொன்று போல்ட்டால் முடுக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. ஸ்பிரிங்கும் கிடையாது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, முன் அச்சை நடுவில் ஒரே ஒரு சென்டர் பின்னில் தராசுக்கோலைப் போல மாட்டியிருக்கிறார்கள். முன்பக்கத்தின் எடை முழுவதும் அந்த ஒரு பின்னின் வழியாகத்தான் அச்சுக்கு இறங்குகிறது.

இதிலிருந்து விளங்க வேண்டியது என்னவென்றால், நான்கு சக்கரத்தில் நிற்பதுபோல் தோன்றும் இந்த வண்டி உண்மையில் மூன்று இடங்களில்தான் நிற்கிறது: இரண்டு பின் சக்கரங்கள், ஒரு சென்டர் பின். இந்த மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும்; எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி பக்கவாட்டில் சாயாது. முன் சக்கரங்கள் அகலமாக இருக்கின்றனவே, அவை தாங்கிக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. பக்கவாட்டுச் சாய்வைத் தடுப்பதில், அச்சு முட்டும் எல்லைக்கு வரும்வரை, அவற்றுக்குப் பங்கே இல்லை. ஆகவே முன்பக்கம் தூக்கியிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் பின் சக்கரத்தையும் தரையிலிருந்து எடுக்காதே. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் தூக்கிய வண்டி சென்டர் பின்னைச் சுற்றிப் புரண்டுவிடக்கூடும். தரையும் சமமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கும் இதுவே காரணம்; ஒரு பக்கம் சரிந்த தரையில் எடையின் மையம் முக்கோணத்தின் ஓரத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன் வயதில் நானும் ஒரு பழைய டிராக்டரின் முன் அச்சைத் தூக்கினேன். ஜாக்கியின் உயரம் போதவில்லை என்று அதற்கடியில் இரண்டு செங்கற்களை அடுக்கினேன். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் காலான ஸ்டாண்டு வைக்கவில்லை, ஐந்து நிமிட வேலைதானே என்ற எண்ணம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அச்சுக்கு அடியில் கை நுழைத்து வேலை செய்துகொண்டிருந்தவன், வேறு ஸ்பேனர் எடுப்பதற்காகக் கையை வெளியே எடுத்துத் திரும்பினேன். சத்தம் ஒன்றுதான் கேட்டது. மேல் செங்கல் பொடிப்பொடியாகி, ஜாக்கி பக்கவாட்டில் தெறித்து, அச்சின் முனை மண்ணில் நான்கு விரற்கடை ஆழம் புதைந்திருந்தது. என் கை இருந்த இடம் அதுதான். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நொறுங்குவதற்கு முன் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. மரக்கட்டையோ முதலில் முனகும், நசுங்கும், நம் கண்ணுக்குத் தெரிந்துதான் விட்டுக்கொடுக்கும். அன்று முதல் கல் எதையும் நான் முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தியதில்லை.

கார் ஜாக்கியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரோடு வரும் மடக்கு ஜாக்கி காரின் விளிம்பில் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டது. அதன் தலையும் அடியும் குறுகியவை. பக்கவாட்டில் சிறிது தள்ளினாலும் மடிந்துவிடும். அகன்ற அடிப்பாகம் உள்ள ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி ஒன்றை, நீ தூக்கப்போகும் எடையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாகப் பார்த்து ஏற்பாடு செய்துகொள். நன்றாக இருக்கிறதா என்பதை முன்கூட்டியே சோதித்துவிடு: சிறிது எடையைத் தூக்கிப் பத்து நிமிடம் விட்டுவைத்து, இறங்குகிறதா, தண்டைச் சுற்றி எண்ணெய் கசிகிறதா என்று பார். கசிந்தால் அதைத் தொடாதே.

இனி தரை. ஒரு முன் சக்கரத்தைத் தூக்க 400 கிலோ ஜாக்கியில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஜாக்கியின் அடி 10 செ.மீ.க்கு 10 செ.மீ. என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணிலும் 4 கிலோ அழுத்துகிறது. ஈர மண் அதைத் தாங்காது. ஜாக்கி ஒரு பக்கமாகப் புதையும், புதையும்போது சாயும். அதற்கடியில் 30 செ.மீ. சதுரமுள்ள தடித்த பலகையைப் போட்டால் அதே எடை 900 சதுர செ.மீ.யில் பரவி, அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். சிமெண்டுத் தரையாக இருந்தால் இந்தக் கவலை குறைவு, ஆனால் எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் துடைத்து எடு.

பின்னால் மாட்டியிருக்கும் கலப்பை எதுவானாலும் கழற்றிவிடு. முடியாவிட்டால் தரையில் முழுமையாக இறக்கிவிடு. இரண்டு பின் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னுமாக ஆப்பு வடிவக் கட்டைகளைத் தட்டி இறுக்கு. பிரேக்கை மட்டும் நம்பாதே. எழுபது ஆண்டு ஓடிய வண்டியின் பிரேக்கைப் பற்றி நீயோ நானோ உறுதி சொல்ல முடியாது. தூக்காத பக்கத்து முன் சக்கரத்துக்கும் கட்டை போட்டு, அதில் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள், ஏனென்றால் இந்தப் பக்கம் எழும்போது அந்தச் சக்கரத்தில்தான் கூடுதல் பாரம் இறங்கும். பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிடு. இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் கியர் கம்பியிலேயே இருப்பது உனக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை யாராவது அதை இழுத்தால் நீ அடியில் இருக்கும்போது வண்டி குலுங்கும். சக்கரத்தின் நட்டுகளையும், சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடு. துருப்பிடித்த நட்டைத் தூக்கிய பிறகு உதைத்துத் திறப்பதுதான் வண்டியைத் தள்ளிவிடுவதற்கு எளிய வழி.

ஜாக்கியை அச்சின் தடித்த உத்திரத்துக்கு அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, பக்கத்தில் ஸ்டாண்டு வைக்க இடம் விட்டு வை. அச்சிலிருந்து பின்னோக்கி ஓடும் கம்பிகளில் வைத்தால் அவை வளைந்துவிடும். எஞ்சின் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் அடியில் வைப்பது அதைவிட மோசம்; தகடாக இருந்தால் நசுங்கும், வார்ப்பாக இருந்தால் விரிசல் விடும். இரும்பின்மேல் இரும்பு வழுக்கும் என்பதால் ஜாக்கியின் தலைக்கும் அச்சுக்கும் நடுவில் மெல்லிய மரத்துண்டு ஒன்றைக் கொடு.

தூக்கும்போது அவசரம் கூடாது. அச்சு தராசைப் போலச் சாய்வதால் ஜாக்கி தொடும் இடம் நேர்க்கோட்டில் மேலே போகாமல் சிறிது விலகும். நான்கு முறை பம்ப் செய், நிறுத்து, எழுந்து இரண்டு திசையிலிருந்தும் ஜாக்கி செங்குத்தாக இருக்கிறதா என்று பார். சாய்ந்திருந்தால் இறக்கிச் சரிசெய்துவிட்டு மறுபடி தூக்கு. சாய்ந்த ஜாக்கியைச் சுத்தியலால் தட்டி நேராக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யவே கூடாது. டயர் தரையைவிட்டு இரண்டு மூன்று செ.மீ. எழுந்தால் போதும்.

எழுந்த உடனே ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் நிறுத்தி, அதன் ஊசி துளையில் முழுமையாகப் போயிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜாக்கியை மெதுவாகத் தளர்த்திப் பாரத்தை ஸ்டாண்டுக்கு மாற்று. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஜாக்கிக்குள் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய ரப்பர் சீல், அது எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் 10 செ.மீ. கனமுள்ள உறுதியான மரக்கட்டைகளை அடுக்குக்கு இரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு; அடியின் அகலத்தைவிட உயரம் கூடாமல் பார்த்துக்கொள். பிறகு பானட்டின் பக்கவாட்டில் இரண்டு கையையும் வைத்து வண்டியை நன்றாக ஆட்டிப் பார். விழுவதாக இருந்தால் நீ வெளியே நிற்கும்போதே விழட்டும். ஜாக்கியைத் தூக்கி எறிந்துவிடாதே. அச்சைத் தொட்டும் தொடாமலும் துணையாக நிற்கட்டும்.

மாப்பிள்ளையை அருகில் இருக்கச் சொல். அவர் கைகொடுக்க வேண்டும் என்பதில்லை. ஏதாவது நேர்ந்தால் ஜாக்கியை மறுபடி பம்ப் செய்ய ஓர் ஆள் வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று முன்னதாகவே அவருக்குக் காட்டிவை.

இப்போது நீ தேடிய ஆட்டத்துக்கு வருவோம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டு. மாப்பிள்ளை சக்கரத்தின் உட்பக்கத்தைக் கவனிக்கட்டும். நடுவிலுள்ள ஹப் மட்டும் ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது, இறுக்கினாலே சரியாகலாம். ஹப்போடு சேர்ந்து செங்குத்துத் தண்டும் அச்சின் முனையில் ஆடினால், அந்தத் தண்டைச் சுற்றியிருக்கும் உலோக உறையான புஷ் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தட்டினால் ஸ்டியரிங் கம்பிகளின் முனைகளைப் பார். ஆட்டம் சென்டர் பின்னில் இருப்பதாகத் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடு. அதைக் கழற்ற வண்டியின் உடலையே தாங்க வேண்டியிருக்கும், அச்சுக்கும் உடலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஆப்பு அடிக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் வருகிறேன், நீ தனியாகத் தொடாதே.

இறக்கும்போது கால், கை, கருவி எதுவும் அடியில் இல்லை என்று பார்த்து, ஜாக்கியால் சிறிது தூக்கி ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வால்வை மிக மெதுவாகத் திற. நட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கு. சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்.

ஆட்டம் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஞாயிறு மாலையே எனக்குச் சொல். பேரிங்கா, புஷ்ஷா என்று தெரிந்தால் என்ன வாங்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா