சேகர வேதபாடச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

சங்கத் தலைவரான போதகர் ஐயரவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், அன்பான சபையாருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நம் சேகரத்தின், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின், வேதபாடச் சங்கத்துக்கான கடந்த ஆண்டின் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் பலருக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த ஆண்டுக்கான வசனம் அச்சிட்ட அட்டையில், எரேமியா 29:11 இருந்தது; தேவன் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம் அது. அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் அதிகாரம் முழுவதையும் வாசிக்கலாம் என்று ஐயரவர்கள் சொன்னார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபம். முந்தின வசனமே எழுபது வருஷக் காத்திருப்பைச் சொல்கிறது. அதற்கும் முன்னால், அந்நிய பட்டணத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. மகனை வளைகுடாவுக்கு அனுப்பியிருக்கும் ஒரு தாயார், "அப்படின்னா அங்கேயே இருந்துறச் சொல்லுதா ஐயா?" என்று கேட்டார்கள். அதைப் பேசி முடிக்கவே மணி ஒன்பது ஆகிவிட்டது. அன்றிலிருந்து தனி வசனங்களை விட்டு, புஸ்தகம் புஸ்தகமாக வாசித்து வருகிறோம்.

ரூத்தின் புஸ்தகம் நாலே அதிகாரம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வீட்டில் ஓர் அதிகாரம் என்று வைத்தோம். இரண்டாம் அதிகாரத்தில், மோவாபிலிருந்து வந்த அந்நியப் பெண்ணான ரூத், அறுக்கிறவர்கள் விட்டுப்போன கதிர்களைப் பொறுக்குகிறாள். அதற்கு இடம் கொடுக்கும் கட்டளை லேவியராகமம் 19-இல் இருக்கிறது: வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேறு ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியனுக்கும், விட்டுவிட வேண்டும். நம் சேகரத்தில் பரதேசி யார் என்று பேச்சு வந்தது. வாடகைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாலாம் அதிகாரத்தை அவர்களில் ஒருவர் வீட்டில் வாசித்தோம். அந்த வீட்டுத் தங்கச்சி இப்போது பாடகர் குழுவில் இருக்கிறாள். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்த காரியம் இதுதான்.

சங்கீதம் 119-இன் 176 வசனங்களை, எட்டு எட்டு வசனமாக 22 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்து மனப்பாடம் செய்தோம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பேரன் வாசிக்கக் கேட்டே 105 முதல் 112 வரை பிழையில்லாமல் சொன்னார்கள். பேரன் நடுவில் தடுமாறியபோது அடியெடுத்துக் கொடுத்ததும் அவர்களே.

விடுமுறை வேதாகமப் பள்ளியும் வேதாகமத் தேர்வும் வழக்கம்போல் நடந்தன. வாட்ஸ்அப் குழுவில் தினமும் வசனப் படம் அனுப்புவதை நிறுத்தி, வாசிக்கும் அதிகாரத்திலிருந்து இரண்டு கேள்விகள் மட்டும் போடுகிறோம். பதில்கள் வாலிபரிடமிருந்தே அதிகம் வருகின்றன.

ஆண்கள் வருகை மிகவும் குறைவு. இது எனக்குப் பாரமாக இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. மூன்று நூற்றாண்டுகளாக நம் கையில் இருக்கும் வேதத்தைப் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே திறந்து வாசிப்பது சரியல்ல. பெரியவர்கள் இதை மனதில் வைக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறேன்.

வரும் ஆண்டில் அப்போஸ்தலருடைய நடபடிகளின் 28 அதிகாரங்களையும் வாசிக்கத் தீர்மானித்திருக்கிறோம். வீடு திறந்து கொடுக்க விரும்புகிறவர்கள் சபை ஊழியரிடம் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்கள். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்