துணிக்குச் சான்றிதழ் கேட்கிறோம், தோலுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடம்பில் குத்திய பச்சையை லேசர் மூலம் அழிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஒரே அமர்வில், வலியின்றி, தழும்பின்றி, எந்த நிறமானாலும்' என்று அதில் இருந்தது. அது கட்டுரையா விளம்பரமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் மருத்துவன் அல்ல. திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டர். நிறம் ஏற்றுவதும், ஏற்றிய நிறத்தைக் கழற்றுவதும்தான் என் பிழைப்பு. 'எந்த நிறமானாலும்' என்று எவர் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஷேடு தவறிய துணி லாட்டைக் காஸ்டிக், ஹைட்ரோஸ் என்ற ரசாயனங்களைப் போட்டு ஸ்டிரிப்பிங் செய்வோம், அதாவது ஏறிய நிறத்தைக் கழற்றுவோம். சில நிறங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். டர்காய்ஸ் நீலம் கேட்காது. எத்தனை முறை ஓட்டினாலும் அடியில் ஒரு சாயல் நின்றுகொண்டே இருக்கும். அடர்கறுப்பைப் பளிச்சென்று வெள்ளைக்குக் கொண்டுவருகிறேன் என்பவன் பட்டறைப் பக்கமே வராதவன். கழற்ற வழியில்லாத லாட்டைக் கறுப்பில் போட்டுத் தப்பித்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். உடம்பிலும் இதையே செய்கிறார்கள். பழைய பச்சையின்மேல் அதைவிடப் பெரிதாக, கறுப்பாக ஒன்றைக் குத்தி 'கவர் அப்' என்கிறார்கள். பிறகு அதையும் அழிக்க வேண்டும் என்றால் இரண்டு அடுக்கு மைக்கும் சேர்த்து அமர்வுகள் கூடும்.

எங்கள் பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயமேற்றும் மெஷின் ஓட்டும் தம்பி ஒருவனுக்குத் தாராபுரம் பக்கம் பெண் நிச்சயமானது. கையில் வேறொரு பெயர்; பக்கத்தில் சிவப்பு ரோஜா, பச்சை இலை. பெரிய கட்டடத்தில் இயங்கும் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் மொத்தமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு 'எல்லாமே போய்விடும்' என்றார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். மரத்துப்போகும் களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி உட்காரவைத்தார்கள். பிறகு இருவர் கண்ணுக்கும் கண்ணாடி மாட்டிவிட்டு ஆரம்பித்தார்கள். சட்டுச் சட்டென்று சத்தம், மயிர் கருகும் வாடை. ஒளி பட்ட எழுத்தெல்லாம் கண்ணெதிரே உப்புப் பூத்ததுபோல் வெளுத்தது. பெயர் போயே போய்விட்டது என்று அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அது மை போன வெளுப்பு அல்ல, சூட்டில் தோலுக்குள் உண்டான வாயுக் குமிழிகள், கால்மணி, அரைமணி நேரத்தில் அடங்கிவிடும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் பெயர் திரும்பி வந்துவிட்டது.

பல அமர்வுகளுக்குப் பின் இன்றைய நிலை இது: கறுப்பு எழுத்து உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. ரோஜா பாதி மங்கி, இருந்த இடத்தில் தோல் நிறம் இழந்து திட்டாக வெளுத்திருக்கிறது. இலை மட்டும் குத்திய அன்றுபோலவே பளபளக்கிறது.

"ஏனுங்க மாஸ்டர், கறுப்பைத்தானே கழற்ற முடியாது என்பீர்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வேறொரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனபோதுதான் எங்கள் இருவருக்கும் பதில் கிடைத்தது. ஒரு நிறம் எந்த ஒளியை விழுங்குகிறதோ அந்த ஒளியால்தான் அதை உடைக்க முடியும். கறுப்பு எல்லா ஒளியையும் விழுங்கும். அதனால் 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள லேசர் கதிருக்கு அது முதலில் மசியும். சிவப்புக்கு 532 வேண்டும். பச்சை நிறத்துக்கு 694 அல்லது 755, அதாவது ரூபி அல்லது அலெக்சாண்டிரைட் வகை லேசர் கருவி. பரவலாகப் புழங்கும் என்டி யாக் வகை லேசர் கருவியில் கிடைப்பவை 1064, 532 இரண்டும்தான். முதலில் போன இடத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இலைக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

வெளுத்த திட்டுக்கும் காரணம் சொன்னார். 532 கதிரை மை மட்டுமல்ல, நம் தோலின் நிறமியும் விழுங்கும். நம்மைப்போன்ற மாநிறத்தார், கறுத்தவர்களுக்கு அதைக் கையாள நிதானம் வேண்டும்: ஓரத்தில் சிறு இடத்தில் அடித்துப் பார்த்து, சில வாரங்கள் பொறுத்து, அப்புறம்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். இவனுக்கு முதல் நாளே முழுக் கையிலும் அடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. லேசர் மையைத் துடைத்து எடுப்பதில்லை. மை இருப்பது மேல்தோலுக்கு அடியில். அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கிக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு செல் இறந்தால் அது உமிழும் மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்று 2018-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு சொன்னார்கள். லேசர் அந்த மைத் துகளை நொறுக்க மட்டும் செய்கிறது. நொறுங்கியதைச் சுமந்துபோவது நிணநீர். அந்த வேலைக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விட்டுத்தான் அடுத்த அமர்வு. 2012-க்குப் பிறகு சந்தைக்கு வந்த, மிக மிகக் குறுகிய நேரத் துடிப்பாக ஒளியைப் பாய்ச்சும் பிகோ லேசர்கள் சில மைகளுக்கு அமர்வுகளைக் குறைக்கின்றன, உண்மைதான். அதற்காக ஒரே அமர்வில் யாரும் முடித்துவிட முடியாது. விரல், கணுக்கால் போன்ற இடங்களில் இன்னும் தாமதமாகும், புகைபிடிப்பவர்களுக்கும் அப்படியே. வலியும் உண்டு.

என் அம்மாயியின் முழங்கையில் கோலமும் தேளும் இருந்தன. விளக்குக் கரியைக் குழைத்துக் குத்தியது. கடைசிவரை கூட வருவது அதுதான் என்பார். வேடிக்கை என்னவென்றால், இன்றைய லேசருக்கு மிகச் சுலபமாக மசியக்கூடியது அந்தக் கரிதான். ஐந்தாறு நிறத்தில் குத்திக்கொள்ளும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் சிக்கல்.

இரண்டாவது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மை?" என்பது. பையனுக்குத் தெரியாது. குத்திய கடை இப்போது செல்போன் கடை. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். என் பட்டறையில் ஒவ்வொரு லாட்டுக்கும் எந்தச் சாயம், எத்தனை சதவீதம், எந்த கம்பெனி என்று ரெசிபி அட்டை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் பனியனில் அசோ என்னும் செயற்கைச் சாயங்களில் சில வகைகளிலிருந்து பிரியும் அமீன் என்ற நச்சு வேதிப்பொருள்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல், வாங்கும் பையர் சரக்கைத் தொடமாட்டார். நொய்யல் ஆற்றில் விட்ட சாயக்கழிவுக்காக 2011-இல் உயர்நீதிமன்றம் எங்கள் பட்டறைகளையே மூடச் சொன்னது. சரியான உத்தரவு, குறை சொல்லமாட்டேன். ஆனால் துவைத்தால் போகிற சாயத்துக்கு இத்தனை கணக்கு, தோலுக்கு அடியில் ஆயுசுக்கும் கிடக்கிற மைக்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாதா? பச்சை குத்தும் சிவப்பு, மஞ்சள் மைகளிலும் அசோ நிறமிகள் உண்டு. லேசர் பட்டு அவை உடையும்போது அதே வகை அமீன்கள் பிரியக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

அதே ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. நீலம் 15:3, பச்சை 7 ஆகிய இரு நிறமிகளுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம் கொடுத்தது. இரண்டும் என்னைப் படுத்தும் டர்காய்ஸின் பங்காளிகள்தான், தாலோசயனின் என்ற ஒரே வேதிக் குடும்பம். புட்டியின்மேல் உட்பொருள் பட்டியலும் லாட் எண்ணும் இருக்க வேண்டும், குத்துபவர் அந்த விவரத்தைக் குத்திக்கொள்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. நம் திருவிழாக் கடைகளில் புட்டிமேல் பெயரே இருப்பதில்லை. ஊசி மாற்றுகிறார்களா என்பதைக் கேட்கவும் யாரும் இல்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. அழகு நிலையங்களில் செய்யும் நிரந்தரப் புருவ மேக்கப்பும் பச்சைதான். அந்த மையில் இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ இருந்தால், லேசர் பட்டதும் பழுப்பு புருவம் கன்னங்கறுப்பாக மாறிவிடக்கூடும். சோதித்துப் பார்க்காமல் முகத்தைக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கும் அமிலக் களிம்பு, உப்பு, சுண்ணாம்பு வைத்தியம் எதுவும் வேண்டாம். மை போகாது, தோல் வெந்துபோகும்.

ராணுவத்தில் சேர ஓடிப் பழகும் பையன்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சைக்குப் பொதுவாக அங்கே அனுமதி இல்லை. ஆள்சேர்ப்பு அறிவித்த பிறகு லேசருக்கு ஓடினால், இரண்டு அமர்வு முடிவதற்குள் முகாமே முடிந்துவிடும்.

மாவட்ட நிர்வாகங்களுக்கு என் கோரிக்கை: பச்சை குத்தும் கடைகள் மையின் பெயர், லாட் எண்ணுடன் ரசீது தர வேண்டும். லேசர் நிலையங்கள் தங்களிடம் உள்ள கருவி எந்தெந்த அலைநீளம் தரும், எந்த நிறத்துக்கு உதவாது என்பதை எழுதிக் கொடுத்த பிறகே பணம் வாங்க வேண்டும். சோதனைப் புள்ளி அடித்துப் பார்க்கும் முன் மொத்தப் பணமும் கேட்கும் இடத்தை வாசகர்கள் தவிர்ப்பது நல்லது.

தங்களுக்கும் ஒன்று. அந்தக் கட்டுரையுடன் வந்த 'முன்', 'பின்' படங்கள் இரண்டும் வெள்ளைக்காரர் கை. அடுத்த முறை நம்மூர்க் கையைப் போடுங்கள், ஒரே வெளிச்சத்தில் எடுத்ததாக.

இப்படிக்கு,
ஒரு சாயப்பட்டறை மாஸ்டர்,
வீரபாண்டி, திருப்பூர்.