செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: சூரியன், நிலா, கோள்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திருநெல்வேலியிலிருந்தும் தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்தும் வந்திருக்கும் சங்க நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் வானியல் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பள்ளிகளிலும் கிராமங்களிலும் நடத்திய வான்நோக்கு நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நல்ல கூட்டத்தோடு நடந்தன. அவற்றின் பட்டியல் வரவேற்பு மேசையில் இருக்கிறது. அறிக்கையின் பெரும்பகுதியைச் சூரியன், நிலா, கோள்களை நுட்பமாகப் படமெடுக்கும் பணிக்கே ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆண்டு சங்கம் நிஜமாக வளர்ந்தது அதில்தான். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். எடுத்தவர் பெயர் ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிறு விளக்கம். நம் சங்கத்தின் 200 மில்லிமீட்டர் தொலைநோக்கி, கணக்குப்படி 0.58 வில்விநாடி இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. நிலாவில் அது ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர், சூரியனில் சுமார் 725 கிலோமீட்டர். ஆனால் தலைக்கு மேல் அலையும் காற்று அந்தப் புள்ளிகளைக் குழப்பிவிடுகிறது. அதனால் ஒற்றைப் புகைப்படம் எடுப்பதில்லை. விநாடிக்கு நூறு ஃப்ரேமுக்கு மேல் வீடியோ எடுக்கிறோம். காற்று நொடிப்பொழுது அடங்கும்போது விழுந்த கூர்மையான ஃப்ரேம்களைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். இப்படி நல்ல ஃப்ரேம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அமெரிக்க ஒளியியல் அறிஞர் டேவிட் ஃபிரைட் 1978-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். வெப்கேமரா மலிவான பிறகுதான் அது அமெச்சூர்களின் கைக்கு வந்தது. ஃபயர்கேப்சர், ஆட்டோஸ்டேக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ், வின்ஜூபோஸ் என்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். நம்மைப் போன்ற ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதிக் கொடுத்தவை. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

இன்னும் பெரிய கண்ணாடி உள்ள தொலைநோக்கி வாங்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. அதற்கு முன், நம் ஊர் இலவசமாகத் தந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. எந்தக் கோளானாலும் நமக்கு வானில் நன்கு உயர்ந்துதான் கடந்து போகும். 2019, 2020 ஆண்டுகளில் வியாழன் தெற்கே இறங்கியிருந்தபோது லண்டனில் அது 16 பாகை உயரத்துக்கு மேல் ஏறவில்லை. நமக்கு அப்போதும் 58 பாகைக்கு ஏறியது. கோள் உயர உயர அதன் ஒளி கடந்து வரும் காற்றின் தடிமன் குறைகிறது, நிறங்கள் பிரிந்து விளிம்பில் சிவப்பும் நீலமும் ஒட்டுவதும் குறைகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரம் ஏறத்தாழ நம் கொடைக்கானலின் அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்துதான் கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர், வியாழனின் வெண்ணிற நீள்வட்டப் புயல் ஒன்று சிவந்துவிட்டதை 2006 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டினார். 2010 ஜூன் 3 அன்று வியாழனில் ஏதோ மோதி மின்னியதை ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லியும் செபுவில் அவரும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். செபுவில் முடிந்தது நம் மொட்டைமாடியிலும் முடியும். இதை நான் உளமார நம்புகிறேன்.

ஆண்டின் முதல் பணி செவ்வாய். ஜனவரி 16, காணும் பொங்கலன்று செவ்வாய் எதிர்நிலைக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வந்தது. 2018-ல் 24 வில்விநாடி அகலம் காட்டிய கோள் இம்முறை 14.6 வில்விநாடிதான். ஆனாலும் நமக்கு 73 பாகை உயரத்தில் நின்றது. அங்கே வசந்தம் தொடங்கிச் சுருங்கிவந்த வட துருவப் பனித் தொப்பி படங்களில் தெளிவாக விழுந்திருக்கிறது. அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரி 19. அப்போது இதைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும்.

சனி கிரகம் இவ்வாண்டு எல்லோரையும் ஏங்க வைத்தது. மார்ச் 23 அன்று பூமி அதன் வளையத் தளத்தைக் கடந்தது, அதாவது வளையத்தின் விளிம்பு மட்டும் நமக்கு நேராக நின்றது. சனி அப்போது சூரியனை ஒட்டி நின்றதால் உலகில் யாராலும் அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. செப்டம்பர் 21 எதிர்நிலையில் வளையம் இரண்டு பாகைக்கும் குறைவாகச் சாய்ந்து, கோளின் குறுக்கே கோடாக நின்றது. அந்த மாதங்களில் டைட்டன் துணைக்கோளின் நிழல் சனியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. டைட்டன் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 16 நாள் ஆவதால், ஒவ்வொரு முறையும் நிழல் விழும் மணியும் பெரிதாக மாறாது. அது அமெரிக்காவுக்கு இரவாகவும் நமக்கு முற்பகலாகவும் அமைந்துவிட்டது. சனியின் வளையம் இப்படி மெலிவது சுமார் 15 ஆண்டுக்கு ஒருமுறைதான். அடுத்த முறை இன்று பள்ளியில் படிக்கும் நம் இளம் உறுப்பினர்கள்தான் அதைப் படமெடுப்பார்கள். கோட்டு வளையத்தை இப்போதே கண்ணால் பார்த்துவைத்தது அவர்களுக்கு நல்லது.

செப்டம்பர் 7 இரவு முழு நிலாக் கிரகணம். 11.01 மணிக்கு முழுமறைவு தொடங்கி 12.23 வரை நீடித்தது. நிலாவின் நுட்பப் படங்களில் உறுப்பினர்கள் பிளேட்டோ பள்ளத்தின் தரையிலுள்ள குறும்பள்ளங்களைச் சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பெரியவையே இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டர்தான். நிலாவிலுள்ள ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் மெல்லிய வாய்க்கால் இன்னும் நம் கருவிக்குச் சிக்கவில்லை. அதைப் பிடிப்பவருக்குச் சங்கம் சிறப்புச் செய்யும் என்று தலைவர் அறிவித்திருக்கிறார்.

இனி சூரியன். இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் எனக்கு மிகப் பெருமை தருவது இதுதான்.

சூரியன், கரும்புள்ளிகள் கூடிக் குறையும் தன் 25-ஆவது சுழற்சியின் உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. கரும்புள்ளிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் மொட்டைமாடியிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் கலங்கியே வந்தன. காரணம், காலை ஒன்பது மணிக்கெல்லாம் கான்கிரீட் சூடாகி அதன் மேல் கானல் எழுகிறது. சூரியனின் ஒளி அந்தக் கொதிக்கும் காற்றைக் கடந்துதான் கருவிக்குள் வருகிறது. உதயப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதேசாகர் ஏரியின் நடுத்தீவில் கட்டியதும், கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஆய்வகத்தை ஏரிக்குள் கட்டியதும் இதற்காகத்தான். நீர் நிலத்தைப் போல விரைவில் சூடேறாது. அதன் மேலுள்ள காற்று அடங்கியிருக்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஒளியை வாங்கும் கண்ணாடிகளை 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் வைத்திருப்பதும் தரைச் சூட்டிலிருந்து தப்பத்தான்.

நம்மிடம் கோபுரம் இல்லை, குளங்கள் இருக்கின்றன. தாமிரபரணிக் கால்வாய்கள் நிரப்பும் குளங்களில் ஒன்றின் மேற்குக் கரையில், நீர்ப்பரப்புக்குக் கிழக்கே சூரியன் ஏறும்படி, பிப்ரவரி முதல் காலை வேளைகளில் கருவியை நிறுத்தினோம். சூரியன் ஓரளவு உயர்ந்ததும் தொடங்கி, கரை சூடேறுமுன் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அதே சிறு தொலைநோக்கி, அதே கேமரா. ஆனால் கரும்புள்ளியின் இருண்ட மையத்தைச் சுற்றியுள்ள நார் நாரான அரைநிழல் தெரிந்தது. நல்ல காலைகளில் சூரியப் பரப்பு முழுக்கப் பரவிய குருணைகளும் தெரிந்தன. ஒவ்வொரு குருணையும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம். பொதுவாக இருபது நிமிடத்துக்கு மேல் உருக்குலையாமல் இருப்பதில்லை. கரும்புள்ளியின் அரைநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் கொடைக்கானலில்தான் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார். அந்த அரைநிழலை அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நம் குளக்கரையிலிருந்து நம் பிள்ளைகள் படமெடுத்திருக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று குளக்கரையில் கருவியை நிற்கவிடாது. அந்த மாதங்களைச் சேகரித்த வீடியோக்களைச் செயலாக்கவும் பயிற்சி வகுப்புக்கும் ஒதுக்கினோம். வரும் ஆண்டும் அப்படியே செய்யலாம் என்பது என் கருத்து. காற்று அடங்கும் மாதங்களில் வெளியே நிற்பதும், அடங்காத மாதங்களில் உள்ளே உட்கார்ந்து வேலை செய்வதும் நமக்குக் கைவர வேண்டும்.

நவம்பர் 11 பிற்பகல் இவ்வாண்டின் மிக வலிய சூரியச் சுடர், சுடர்களில் மிக வலியவற்றுக்கான எக்ஸ் வகுப்பில் 5.1 அளவோடு, வெடித்தது. நம்மிடம் இருப்பது வெள்ளொளி வடிகட்டித் தாள் மட்டுமே. அதில் கரும்புள்ளிக் கூட்டம் தெரியும், சுடர் தெரிவது மிக அரிது. சுடரையும் விளிம்பில் எழும் தீநாக்குகளையும் காண 656.28 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் வெளியிடும் செந்நிற ஒளியை மட்டும் விடும் ஹெச்-ஆல்ஃபா கருவி தேவை. அதுபற்றிய தீர்மானம் பின்னால் வருகிறது.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு சொல். வடிகட்டி எப்போதும் குழாயின் முன்பக்கம்தான் இருக்க வேண்டும். காற்றில் பறக்காதபடி ஒட்டிக் கட்டியிருக்க வேண்டும். தேடுகுழாயைக் கழற்றிவிட வேண்டும் அல்லது மூடிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தாளை வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர் கரையில் இல்லாமல் சூரியப் படப்பிடிப்பு நடக்காது.

செயற்குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளான பொருள், படங்களைச் செயலாக்கும் முறை. அடுக்கிய படத்தை வேவ்லெட் என்னும் கணக்கு முறை கொண்டு கூர்மையாக்குவது தேவைதான். அளவு மீறினால் செவ்வாயின் விளிம்பில் இல்லாத வளைவு ஒன்று முளைக்கும், வியாழனில் இல்லாத திட்டுகள் தோன்றும். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வேறு வந்திருக்கின்றன. அவற்றில் சில, கேமரா பதிவு செய்யாத நுணுக்கத்தைத் தாமே வரைந்து நிரப்பிவிடுகின்றன. பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அந்த இரவில் அந்தக் கோள் அப்படி இருந்தது என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. நம் படம் ஒரு சாட்சி. நூறாண்டுக்கும் மேலாகக் கொடைக்கானலில் எடுத்த சூரியப் படங்களை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அவற்றில் தேதியும் நேரமும் இருக்கின்றன, யாரும் கைவைத்து அழகுபடுத்தவில்லை என்பதால்தான்.

ஆகவே செயற்குழு பரிந்துரைப்பது இது. தேதி, உலகப் பொது நேரம், கருவி, வடிகட்டி, காற்றின் நிலை ஆகியவை குறிக்கப்படாத படத்தைச் சங்கம் கண்காட்சிக்கு எடுக்காது. நுணுக்கத்தை உருவாக்கிச் சேர்க்கும் மென்பொருளில் செய்த படங்களையும் எடுக்காது. தகுதியான கோள் படங்களை ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் பிவிஓஎல் தரவகத்துக்கு அனுப்புவோம். வியாழனின் மேகங்கள் நாளுக்கு நாள் மாறுகின்றன. ஐரோப்பாவில் இன்னும் பகலாக இருக்கும்போதே இங்கே இரவு தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப நம் நேரவலயத்தில் இருப்பவர்கள் குறைவு.

வீடியோக்களை உடனே அழித்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மோதல் மின்னல்களைத் தேடித் தரும் டிடெக்ட் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்த்த பிறகு அழியுங்கள். 2021 செப்டம்பர் 13 அன்று பிரேசிலின் ஜோசே லூயிஸ் பெரேரா எடுத்த வீடியோவில் வியாழன் மோதல் பதிவாகியிருந்ததை அந்த மென்பொருள்தான் மறுநாள் அவருக்குச் சொன்னது.

வரும் ஜனவரி 10 அன்று வியாழன் எதிர்நிலை. நமக்கு 76 பாகை உயரத்தில் நிற்கும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால் ஒரு வீடியோ மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பல வீடியோக்களாக எடுத்து வின்ஜூபோஸில் சுழற்சியைச் சரிசெய்யுங்கள். கண்ணாடி குளிர ஒரு மணி நேரமாவது முன்னதாகக் கருவியை வெளியே வைத்து, கண்ணாடிகள் நேராகப் பொருந்தியிருப்பதை, அதாவது கோலிமேஷனை, ஒரு நட்சத்திரத்தில் சரிபார்த்த பிறகு தொடங்குங்கள். மார்ச் 3 மாலை நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருக்கும், 6.47-க்கு விட்டுவிடும். கிழக்கு அடிவானம் திறந்த இடம் தேவை என்பதால் அன்று கடற்கரைக்குப் போகலாம் என்று தூத்துக்குடி உறுப்பினர்கள் அழைத்திருக்கிறார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். முதலாவது, மேலே சொன்ன பட விதிகள். இரண்டாவது, ஹெச்-ஆல்ஃபா கருவிக்குத் தனி நிதி தொடங்குவது. நம் சேமிப்பு அதற்குப் போதாது, உறுப்பினர்கள் இயன்றதைத் தர வேண்டும். மூன்றாவது, படமெடுப்பு முதல் செயலாக்கம் வரை தமிழில் ஒரு கையேடு தயாரிக்க நால்வர் குழு அமைப்பது. ஆங்கில விளக்கங்களைப் பார்த்துத் தயங்கி நின்ற பிள்ளைகள் ஆடி மாத வகுப்பில் தமிழில் கேட்டதும் அன்றே ஸ்டேக்கிங், அதாவது ஃப்ரேம்களை அடுக்கும் வேலை, செய்து காட்டினார்கள். இந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று தனிப்பட்ட முறையிலும் வேண்டுகிறேன்.

குளக்கரையில் இடம் தந்து, காலையில் காவலுக்கும் துணைநின்ற பாசன விவசாயிகளுக்கும், கருவிகளைத் தங்கள் வண்டியிலேயே ஏற்றி இறக்கிய உறுப்பினர்களுக்கும், இரவு வெகுநேரம் மாடிக் கதவைத் திறந்துவைத்துப் பொறுத்துக்கொண்ட அவர்கள் வீட்டாருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்