புயல் காப்பீட்டுத் தொகையைத் தராமல் அலைக்கழிப்பது பற்றி

பெறுநர்: மேலாளர், இழப்பீட்டுப் பிரிவு, தலைமை அலுவலகம், சுவா, பிஜி.

மதிப்பிற்குரிய ஐயா,

ராக்கிராக்கிப் பக்கம் கரும்பு போடுகிறேன். பிப்ரவரிப் புயலுக்கு என் பாலிசியில் இன்னும் ஒரு டாலர்கூட வரவில்லை. இனி அலையத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் திட்டத்தை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. சேதம் பார்க்க ஆள் வரத் தேவையில்லை, புயல் போன பாதையும் காற்றின் வேகமும் குறித்த அளவைத் தொட்டாலே பணம் கைபேசிக்கு வந்துவிடும் என்று கூட்டம் போட்டுச் சொன்னது நீங்கள்தானே? 2021-இல் ஐ.நா. துணையோடு பிஜியில் தொடங்கிய வகைக் காப்பீடு என்றும் சொன்னீர்கள். அதை நம்பி, வங்கி வாசலையே மிதிக்காத பெண்கள்கூட எங்கள் ஊரில் கைபேசியில் கணக்குத் தொடங்கினார்கள். பிரீமியத்தை மட்டும் கரும்புப் பணத்தில் தவறாமல் பிடித்துக்கொண்டீர்கள்.

அன்று அடுக்களைக் கூரைத் தகரம் பறந்துபோய்ப் பக்கத்து வயலில் செருகி நின்றது. கரும்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. உங்கள் கணக்கிலோ எனக்குக் காற்றே அடிக்கவில்லை! காரணம், என் நிலம் லௌதோகாவில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அது உங்கள் கிளை இருக்கும் ஊர், ஐயா. பதிந்ததும் உங்கள் ஆள்தான்.

இதைத் திருத்தத்தான் இருட்டோடு கிங்ஸ் ரோடு பஸ் ஏறி சுவா வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டரை விட்டுத் தலை தூக்காமலே, "அங்கிள், சாட்டிலைட் பொய் சொல்லாது" என்று சொல்லிச் சிரித்தார். சாட்டிலைட்டை யார் குறை சொன்னது? நான் சொல்வது இடத்தை. அப்புறம் "லௌதோகாவில் போய்க் கேளுங்கள்" என்றார். வந்த வழியே திரும்பி, என் ஊரையும் தாண்டிப் போக வேண்டும். போனேன். அங்கே "தலைமை அலுவலகம்தான் திருத்தும்" என்கிறார்கள். என்ன நியாயம் இது?

2016-இல் வின்ஸ்டன் புயல் எங்கள் ஊர் பெனாங் சர்க்கரை ஆலையையே முடக்கியது. அதன் பிறகு கரும்பை லாரியில் பா ஊர் ஆலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வின்ஸ்டனில்கூட நான் இப்படி ஒழிந்துபோகவில்லை.

தயவுசெய்து என் நிலத்தின் இடத்தைச் சரியாகப் பதிந்து, அங்கே அடித்த காற்றின் கணக்கை எழுத்தில் தாருங்கள். அந்தக் கணக்குப்படி சேர வேண்டியதை இரண்டு வாரத்தில் அனுப்புங்கள். இல்லையென்றால் பிஜி ரிசர்வ் வங்கிக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் இதே கடிதம் போகும். சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் நவம்பரில் அடுத்த புயல் பருவம் தொடங்கும்போது எங்கள் ஊரில் ஒருவரும் உங்களிடம் புதுப்பிக்க மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போனில் பேசுவதென்றால் சரி, மாலையில் கூப்பிடுங்கள். அந்தத் தம்பியை மட்டும் பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்
ராக்கிராக்கி