மூட்டையும் முள்ளும்

அன்புள்ள மகளுக்கு,

சுமை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதையும், உயரமும் பருமனும் உள்ளவர்களுக்கும் நெடுங்காலம் அனுபவப்பட்ட பெரியவர் ஒருவருக்கும் கனமான மூட்டைகளை ஒதுக்குவதையும் எழுதியிருந்தாய். 28 ஆண்டுகள் சுமை தூக்கியவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் பாதிதான் சரி என்பேன்.

உயரமும் கையின் நீளமும் பிடியின் வலிமையோடு தொடர்புடையவைதாம். ஆனால் எடையை மட்டும் வைத்து வலிமையைச் சொல்லிவிட முடியாது. அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதே கேள்வி. தசையின் விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதால், வயிற்றின் சுற்றளவைவிட முன்கையின் சுற்றளவு உனக்கு அதிகம் சொல்லும்.

சென்ற மாதம் மருத்துவப் பரிசோதனையில் பிடியின் வலிமையை அளக்கும் கருவியை என் கையில் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டிச் செங்கோணமாக மடக்கி, மும்முறை இறுக்க வேண்டும். உள்ளங்கை முழுவதும் காய்ப்பேறிய எனக்கு முள் 29 கிலோவைத் தாண்டவில்லை. எனக்கு முன் இறுக்கிய ஒல்லியான இளைஞர் 40-ஐக் கடந்திருந்தார். கருவி பழுதாகியிருக்குமோ என்று ஒரு கணம் அதன்மேல் பழி போட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

பழுது வயதில் இருந்தது. பிடியின் வலிமை இருபதுகளிலும் முப்பதுகளிலும் உச்சத்தில் நின்று, ஐம்பதுக்குப் பின் தெளிவாகவே இறங்குகிறது. நாள்தோறும் சுமந்தால் இறங்காது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். தசை வளரப் பளுவோடு ஓய்வும் புரதமும் வேண்டும். ஒரே எடையை ஒரே விதமாக, களைப்பு தீருமுன் மீண்டும் மீண்டும் தூக்குவது உடலுக்குத் தாங்கும் பழக்கத்தைத் தருகிறதே தவிர, புதிய வலிமையைத் தருவதில்லை. ஆகவே அந்தப் பெரியவரின் அனுபவம் அவருடைய உத்தியில் இருக்கிறது. அதை அவருடைய தசையின் கணக்கில் எழுதிவிடாதே.

உடல்வாகுக்கு இணையாக நிற்கும் இன்னொன்று, பிடிக்கும் நிலை. மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பிடித்துப் பார். விரல்கள் தாமாகவே தளரும், ஒரு சிறுவன்கூட அதைப் பிடுங்கிவிடுவான். மணிக்கட்டு சற்றே பின்னோக்கி வளைந்திருக்கும்போதுதான் பிடி முழு வலிமை பெறுகிறது. அடியில் கைவிட இடமில்லாத மூட்டையைத் தூக்குபவன், மடங்கிய மணிக்கட்டோடுதான் தூக்குகிறான்.

உடலுக்கும் சுமைக்கும் இடையிலான தூரமும் அப்படியே. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் தூக்கத்தக்க எடை 23 கிலோ. அதுவும் சுமை உடலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான். 50 சென்டிமீட்டருக்கு எட்டித் தூக்கினால், அது பாதியாகிவிடும்.

அந்தப் பெரியவர் மூட்டையை எடுக்கும் இடத்தில் அவர் கால் நிற்பதற்கும் மூட்டைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நாளை ஒரு நாடாவால் அளந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா