சத்தத்துக்கெல்லாம் ஒயில் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓட்டோ கியர் (தானாகக் கியர் மாறும்) வாகனங்களில் கியர் விழும்போது எழும் சத்தத்துக்கு ஒயில் மாற்றினால் போதும், அதை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம் என்ற பேச்சு எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் பரவலாகக் கேட்கிறது. அதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பி ஒரு கியர் பொக்ஸையே இழக்கவிருந்தவன் என்ற முறையில், நான் பட்டறிந்ததைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரியோடு சேர்ந்த விலை ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு எட்டவில்லை. ஆகவே என்னைப் போன்றவர்கள் இருபது வருடம் ஓடிய வாகனத்தையே தடவித் தடவி வைத்திருக்கிறோம். என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121. சென்ற வருடம் அதில், காலையில் எஞ்சினை இயக்கி லீவரை பி-யிலிருந்து (நிறுத்தும் நிலை) ஆர்-க்கு (பின்னோக்கிச் செல்லும் நிலை) இழுத்ததும், அடியில் யாரோ மரச் சுத்தியலால் தட்டியதுபோல் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

நகரிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஓட்டிப் பார்க்காமலே, “ஒயில் மாத்தினாச் சரி, சேர்” என்றார்கள். மூலையில் கிடந்த பீப்பாயிலிருந்து சிவப்பு நிற ஒயிலைப் பிடித்து ஊற்றினார்கள். என்ன ஒயில் என்று கேட்டேன்; “ஓட்டோ ஒயில்தான்” என்றார்கள். பற்றுச்சீட்டிலும் ‘கியர் ஒயில்’ என்று மட்டுமே இருந்தது. சத்தம் போகவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி இழுக்கவில்லை.

கட்டாரில் பல வருடங்கள் கியர் பொக்ஸ் வேலை மட்டுமே பார்த்துவிட்டு ஊர் திரும்பிய காத்தான்குடித் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். முதலில் பொனட்டைத் திறந்தார். என்னை உள்ளே இருத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் முழுதாக மிதித்தபடி லீவரை ஆர்-க்கும், முன்னோக்கிச் செல்லும் டி-க்குமாக மாற்றச் சொல்லிவிட்டு, தாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று எஞ்சினைப் பார்த்தார். (இதைச் செய்கிறவர் வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது.) ஒவ்வொரு முறையும் எஞ்சின் எழும்பிச் சாய்ந்து விழுந்தது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ஒன்றின் ரப்பர் கிழிந்து இரண்டாகியிருந்தது. “சேர், உங்கட சத்தத்துக்கும் ஒயிலுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா இப்ப ஒயில்லயும் பிரச்சினை இருக்கு” என்றார். ஊற்றியிருந்த ஒயிலின் அளவு குறைவு, வகையும் வேறு.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒயிலில் கை வைக்கக் கூடாது. லீவரை மாற்றும் கணத்தில் ஒரு தட்டு மட்டும் கேட்டால் மவுண்டைப் பார்க்க வேண்டும். பின்சில்லில் இழுக்கும் ஹையேஸ் போன்ற வேன்களாயின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கடத்தும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் சாஃப்டின் மூட்டு (குரொஸ்) தேய்ந்திருந்தாலும் அதே தட்டுத்தான். வளைவில் திரும்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் அது பெரும்பாலும் சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டான சி.வி. ஜொயின்ட். வேகத்தோடு கூடிக்கூடி இரைந்து, நியூட்ரலில் உருளவிட்டாலும் நிற்காத சத்தம் சில்லின் பெயாரிங்காக இருக்கலாம். இவை எதற்கும் ஒயில் மாற்றிப் பயனில்லை. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி, சூடானதும் கியர் தாமதமாக விழுதல், மிதமான வேகத்தில் கரடுமுரடான வீதியில் ஓடுவதுபோன்ற நடுக்கம் ஆகியவற்றில்தான் ஒயிலின் அளவும் பழமையும் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியவை. ஏனெனில் இந்த ஒயில் வெறும் உயவு எண்ணெய் அன்று. கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் விசையும், எஞ்சினின் இழுவையைக் கியர் பொக்ஸுக்குக் கடத்துவதும், உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றுவதும் அதுவே.

ஒயிலைச் சோதிப்பது எளிது. ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால், நல்ல ஒயில் ரோஸ் சர்பத்தைப்போல் தெளிந்த சிவப்பாக இருக்கும். பழையது பால் கலக்காத பிளேன்ரி நிறத்துக்கு மாறியிருக்கும். கறுத்துக் கருகல் மணம் வீசினால் உள்ளே தட்டுகளே தீய்ந்திருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் புதிய ஒயில் காப்பாற்றும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பலூடாவைப்போல் வெண்மை கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் உடைந்தாலும் இப்படி ஆகலாம், வெள்ளத்தில் ஓட்டினாலும் ஆகலாம். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்ட மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இது சின்ன விடயமன்று. சூடான கியர் பொக்ஸ் தண்ணீரில் மூழ்கிச் சட்டென்று குளிரும்போது, மேலுள்ள காற்றுத் துளை வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிளச் தட்டுகளில் ஒட்டப்பட்ட காகிதம் போன்ற படலத்தை அந்த நீர் நாளடைவில் உரித்துவிடும்.

அடுத்தது வகை. எல்லாச் சிவப்பும் ஒரே ஒயில் அல்ல. எனது வண்டிக்கு உரியது ரைப் ரி-ஃபோர் (Type T-IV). அது டிப் ஸ்டிக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பிந்திய டொயோட்டாக்களுக்கு டபிள்யூ.எஸ்., ஹொண்டாவுக்கு டி.டபிள்யூ-1 என்று ஒவ்வொன்றும் தனி. பெல்டில் ஓடும் சி.வி.ரி. வகைக்குச் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றினால், உலோகப் பெல்டும் அது சுற்றும் கப்பியும் வழுக்கித் தேய்ந்து முழுத் தொகுதியும் போய்விடும். ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களின் கையேடுகள் ஜப்பானிய மொழியில் இருப்பதால் எங்களில் பெரும்பாலோர் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஒயில் வாங்கக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைவரை போகத் தேவையில்லை. வகையின் பெயரை எழுதிக் கொண்டுபோனால் மூடி உடைக்காத டின்னாக இங்கேயே கிடைக்கிறது.

டிப் ஸ்டிக் உள்ள வண்டியாயின் வீட்டில் மாற்றுவது இயலாத காரியமன்று. புதிய மவுண்டைப் போட்டபின், அந்தத் தம்பி மேற்பார்க்க நானே மாற்றினேன். எங்கள் கடற்கரைப் பகுதியின் மண் மணலாதலால், முற்றத்தில் ஜெக்கை வைத்தால் அது மெல்லச் சரியும்; சீமெந்துத் தரையில், ஜெக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகளும் வைத்த பிறகே அடியில் புக வேண்டும். ஒயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது. வடிந்ததை அளவு குறித்த போத்தலில் பிடித்தேன். ஏறத்தாழ மூன்று லீற்றர். மிச்சம் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையிலுள்ள டோர்க் கன்வேட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. ஒவ்வொரு தடவையும் பாதி மாறுவதாக வைத்துக்கொண்டால், முதற்தடவை 50 வீதமும், இரண்டாவதில் 75 வீதமும், மூன்றாவதில் 87 வீதத்துக்குச் சற்று அதிகமாகவும் புதியதாகும். ஆகவே சில நாட்கள் இடைவிட்டு மூன்று முறை மாற்றினேன். முதல் முறை அடித்தட்டையும் கழற்றினோம். உள்ளிருந்த சிறு காந்தங்களில் சாம்பல் நிறப் பசை மூடியிருந்தது. விரலில் தேய்த்தால் மைபோல் வழுவழுப்பாக இருந்தது. அது வழமையான தேய்மானமே என்றும், நறநறவென்று துணுக்குகள் தட்டுப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்றும் அவர் சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பியது.

வடிந்த அளவையே திருப்பி ஊற்றி, ஓடிச் சூடேறியபின், சமதரையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-யில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கின் ‘ஹொட்’ கோடுகளுக்கிடையே அளவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இது டொயோட்டாவின் முறை. ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய உடனேயே பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றினாலும் நுரைத்து, குறைவாக ஊற்றியதுபோலவே வழுக்கும். டிப் ஸ்டிக் இல்லாத பிந்திய வாகனங்களில் ஒயிலின் வெப்பநிலையைக் கருவியால் அளந்தே மட்டம் பார்க்க வேண்டியிருப்பதால், அவற்றை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தொட்டே தீருவேன் என்பவர்கள், ஊற்றும் வாயின் ஆணி கழல்கிறதா என்று உறுதிப்படுத்திவிட்டு வடிக்கும் ஆணியில் கை வைக்கட்டும். வடித்துவிட்டு ஊற்ற வழியின்றி நின்ற ஒருவரை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன்.

மூன்று முறையில் சேர்ந்த கழிவொயில் ஏறத்தாழ ஒன்பது லீற்றர். அதை வேலியோரம் ஊற்றுவது இங்கு வழக்கமாகிவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்மேட்டில் ஆழமற்ற கிணற்று நீரைக் குடித்து வாழும் நாங்கள் செய்யக்கூடாத காரியம் அது. என்னுடையதை எடுத்துக்கொள்ள இரண்டு சேர்விஸ் நிலையங்கள் மறுத்து, மூன்றாவதுதான் ஏற்றுக்கொண்டது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். உள்ளூராட்சி மன்றங்கள் கழிவொயில் கொடுக்க நகரில் ஓரிடத்தையாவது ஒதுக்க வேண்டும். கராஜ் நடத்துவோர், ஊற்றிய ஒயிலின் வகையையும் லீற்றர் கணக்கையும் பற்றுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். எழுத மறுக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். எனது கொரோலாவில் ‘டொக்’ சத்தம் மவுண்ட் மாற்றிய அன்றே நின்றது. பாலத்தில் வழுக்கியது மூன்றாவது ஒயில் மாற்றத்துக்குப் பிறகே முழுதாக நின்றது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.